விமானம் இறங்கும்போது குழந்தை வீறிட்டு அழுவது ஏன்? பெற்றோர் என்ன செய்யலாம்?

பத்து மணி நேரப் பயணத்தில் சமர்த்தாகத் தூங்கிய குழந்தை, தரையிறங்கும் நேரத்தில் வீறிட்டு அழும். பசியோ, அடமோ இல்லைங்க, பெரும்பாலும் காதுவலிதான்!

காரணம் என்ன?
விமானம் இறங்க இறங்க, கேபினுக்குள் காற்றழுத்தம் கூடும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் காதில் அழுத்தம் சமமாகும். குழந்தைகளுக்கு அது குறுகலானது, சட்டுனு திறக்காது. எதையாவது விழுங்கும்போது திறக்கும்.

என்ன செய்யலாம்?
• விமானம் இறங்கத் தொடங்கும்போதே குழந்தையை எழுப்பிடுங்க. தூக்கத்தில் விழுங்குவது குறைவு.
• கைக்குழந்தைக்குப் பால் கொடுங்க. சற்று வளர்ந்த குழந்தைக்கு ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் கொடுங்க.
• சளி, காதுவலி இருந்தால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் காட்டிடுங்க.
• தூங்க வைக்க நீங்களாகவே மருந்து கொடுக்காதீங்க.