தகுதியின் காசு

‘தகுதி’ என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்கு ஒரு கேள்வி எழும்: செலவு யாரோடது? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ‘ஹோப்’ உதவித்தொகையின் வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது.

ஆளுநர் ஜெல் மில்லர் முன்வைத்த லாட்டரிக்கு 1992இல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். 1993இல் சீட்டு விற்பனை தொடங்கியது. அந்தப் பணத்தில் ‘ஹோப்’பும். பள்ளியில் ‘பி’ சராசரி எடுத்த பிள்ளைக்கு அரசுக் கல்லூரிக் கட்டணம் கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 66,000 டாலரைத் தாண்டக் கூடாது என்பது முதல் விதி. 1994இல் அது 1,00,000 ஆனது. 1995இல் வரம்பே போச்சு.

ஏழைப் பிள்ளைக்கு? வறுமைக்காக மத்திய அரசு தரும் ‘பெல்’ உதவியை வாங்கினால், அந்தத் தொகையை ‘ஹோப்’பில் கழித்துக்கொண்டார்கள். பலருக்கு மிஞ்சியது புத்தகப் படி மட்டும். வருமானம் 50,000 டாலருக்கு மேல் என்றால் ஒரு பக்க விண்ணப்பம் போதும். கீழே என்றால் வீட்டு வரவையெல்லாம் ஒப்பிக்க வேண்டும். இந்தக் கழிவு 2000இல்தான் கைவிடப்பட்டது.

வருமானத்தோடு வைத்துப் பார்த்தால், லாட்டரியில் அதிகம் கொட்டியவை ஏழை வீடுகள். அந்தக் காசுதான் ‘தகுதி’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, எப்படியும் கல்லூரிக்குப் போகவிருந்த பிள்ளைகளின் வீடுகளிலும் இறங்கியது. யாரும் திருடவில்லை, எல்லாம் சட்டப்படிதான். ஏழையிடம் வறுமைக்குச் சாட்சி கேட்ட அதிகாரம், வசதியுள்ளவனிடம் மதிப்பெண்ணை மட்டும் கேட்டது.

2011இல் லாட்டரிப் பணம் போதவில்லை. முழுக் கட்டணத்துக்கு 3.7 சராசரியும் எஸ்ஏடி தேர்வில் 1,200 மதிப்பெண்ணும் வேண்டும் என்றார்கள். காசு குறைந்தபோது உயர்த்தியது மதிப்பெண் வரம்பை. 1995இல் எடுத்த வருமான வரம்பைத் திரும்ப வைக்க மனசு வரவில்லை.