கம்பு: விற்றது போக வீட்டுக்கும் ஒரு மூட்டை

கம்பு அறுவடை முடிந்ததும் மொத்தத்தையும் வியாபாரிக்கு அளந்துவிட்டு, வீட்டில் மூன்று வேளையும் வெள்ளை அரிசியே சமைக்கிறோம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. களையெடுக்கும்போது மூச்சு வாங்குவதும், சீக்கிரம் களைத்துப்போவதும் இதனால் இருக்கலாம்.

100 கிராம் கம்பில் சுமார் 11 கிராம் புரதமும், 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்தும் உள்ளன. தீட்டிய அரிசியில் இரும்புச்சத்து 1 மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் கம்பில் உள்ள பைட்டிக் அமிலம் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். ஊறவைப்பது, புளிக்கவைப்பது, முளைகட்டுவது ஆகிய மூன்றும் இந்த அமிலத்தைக் குறைக்கும். நம் பாட்டிமார் கூழைப் புளிக்கவைத்ததில் இந்தப் பலனும் இருக்கிறது.

எடுத்து வைக்கும் முறை

பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடையும் வரை தானியத்தைக் காயவைத்து, ஆறிய பின் மூட்டை கட்டுங்கள். தானியமாகவே வைத்திருங்கள். கம்பில் எண்ணெய்ச்சத்து அதிகம் என்பதால், அரைத்த மாவு சில நாட்களில் கசக்கத் தொடங்கும். ஒரு வாரத் தேவைக்கு மட்டும் அரைப்பது நல்லது.

கூழ் காய்ச்சும் முறை

1. ஒரு டம்ளர் கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி, 10 நிமிடம் கழித்து உரலில் லேசாக இடித்துப் புடையுங்கள். மிக்ஸியில் விட்டு விட்டும் ஓட்டலாம். உமி போனால் போதும், வெள்ளையாகும் வரை தீட்டினால் சத்தும் போய்விடும்.
2. ரவை பதத்துக்கு உடைத்து, 3 டம்ளர் தண்ணீரில் கரைத்து இரவு முழுவதும் புளிக்கவிடுங்கள்.
3. காலையில் 2 டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு, கரைசலை ஊற்றிக் கிளறுங்கள். சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம் வேக வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது.
4. ஆறியதும் உருட்டித் தண்ணீரில் போட்டு வையுங்கள். வேண்டும்போது மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு குடிக்கலாம்.

பிள்ளைகளுக்கு

கம்பை 8 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி ஒரு நாள் தொங்கவிட்டால் முளை வரும். அதை நன்றாகக் காயவைத்து, லேசாக வறுத்து அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள்.

கூடச் சேர்க்க வேண்டியவை

இரும்பு உடலில் சேர வைட்டமின் சி உதவும். ஒரு நெல்லிக்காய் அல்லது கொய்யா, இல்லாவிட்டால் எலுமிச்சை பிழிந்த கீரைப் பொரியல் தொட்டுக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரையை இரும்புச் சட்டியில் வதக்கினால் சட்டியிலிருந்தும் கொஞ்சம் இரும்பு சேரும். சாப்பிட்ட உடனே டீ, காபி குடித்தால் இரும்பு சேர்வது குறையும், ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.

கவனிக்க வேண்டியவை

* மருந்து கலந்த விதையில் மீந்ததைக் கழுவிச் சமைக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆடு, கோழிக்கும் போடக்கூடாது.
* தேன் ஒழுகல் நோய் தாக்கிய கதிரில் தானியத்துக்குப் பதிலாகக் கருத்த கட்டிகள் இருக்கும். அவை நச்சுத்தன்மை உள்ளவை. அந்தக் கதிர்களைக் களத்துக்கு வரும் முன்பே தனியாக ஒதுக்கி அழித்துவிடுங்கள்.
* சர்க்கரை நோயாளிகள் கம்பையும் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.
* ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கூழை நம்பி அதை நிறுத்த வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்ன பிறகே நிறுத்த வேண்டும்.

அடுத்த அறுவடையில் வியாபாரி தராசை எடுக்கும் முன், வீட்டுக்கான மூட்டையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.