பாசறையிலிருந்து பள்ளி மேடைக்கு: பாண்ட் இசையின் அடிப்படை உருப்படிகளும் மன்னார்க் கரையின் மெட்டுகளும்

நமது பாடசாலைகளில் பாண்ட் அணி பெரும்பாலும் நடந்துகொண்டேதான் வாசிக்கிறது. இல்ல மெய்வல்லுநர் போட்டி, பிரதம விருந்தினர் வரவேற்பு, ஆலயத் திருவிழாப் பவனி ஆகியவற்றுக்கு ஓர் அணிநடை மெட்டுப் போதும். மேடையில் அமர்ந்து அரை மணி நேரம் அவையைக் கட்டிப்போடுவதற்கு வேறு இசை வேண்டும். அத்தகைய இசையில் உயர்தரப் பள்ளிக் குழுக்கள் கட்டாயம் பழகவேண்டியவை என்று உலகெங்கும் கருதப்படும் உருப்படிகள் எப்படித் திரண்டன என்பதையும், அந்த வரலாறு மன்னார்த் தீவுக்கும் மாதோட்டத்துக்கும் எவ்வகையில் பயன்படும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாண்ட் குழுக்கள் படைப்பிரிவுகளைச் சார்ந்தவை. அணிநடைகளும் வேறு வாத்தியங்களுக்காக எழுதப்பட்ட ஒப்பெரா இசையின் தழுவல்களுமே அவற்றின் கையிருப்பு. தமிழ் மண்ணில் அந்த இசை விரைவிலேயே உருமாறியது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) மேனாட்டு வாத்தியங்களைக் கொண்ட அரண்மனைக் குழுவை வளர்த்தார். முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். இன்று நோட்டுஸ்வரம் எனச் சங்கீத மாணவர் தொடக்கத்திலேயே கற்பவை அவையே. இந்த இசை நம் காதுக்கு எட்டாதது என்று சொல்வதற்கு இடமில்லை.

பாண்ட் குழுவுக்கென்றே எழுதப்பட்ட பெறுமதியான இசையின் தொடக்கமாகப் பெரும்பாலோர் சுட்டுவது, குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1909இல் எழுதிய ஈ-பிளாட் முதலாம் தொகுப்பு. அதன் முதற்பகுதி எட்டு அட்சரக் கட்டங்கள் கொண்ட ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப எடுக்கிறது. மற்ற வாத்தியங்கள் ஓய்ந்திருக்க, டியூபாவும் யூஃபோனியமும் அதைத் தாழ்ந்த குரலில் தொடங்குகின்றன. அணிநடைகளில் அடித்தாளம் மட்டும் ஊதிவந்த பிள்ளைக்கு அங்கே முதன்முறையாக மெட்டு கிடைக்கிறது. பின்பு அந்த மெட்டு ஒவ்வொரு வாத்தியமாக ஏறி, ஓரிடத்தில் தலைகீழாகவும் புரள்கிறது. பள்ளிக் குழு முதலில் எதைப் பழகவேண்டும் என்று கேட்டால் என் விடை இதுதான். வாத்தியக்காரர் ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பதை இதைப்போல் கற்பிக்கும் உருப்படி வேறில்லை.

1911இல் ஹோல்ஸ்ட் எழுதிய இரண்டாம் தொகுப்பு ஆங்கில நாட்டார் பாடல்களாலும் ஆடல் மெட்டுகளாலும் ஆனது. அதே வழியில் வோன் வில்லியம்ஸ் எழுதிய ஆங்கில நாட்டார் பாடல் தொகுப்பை, 1923இல் நெல்லர் ஹோல் இராணுவ இசைப் பள்ளி அரங்கேற்றியது. இவ்வரிசையின் சிகரம் பேர்சி கிரெய்ஞ்சரின் ‘லிங்கன்ஷயர் போஸி’ (1937). இது தேர்ந்த மூத்த மாணவர்க்கே உரியது. 1900களின் முற்பகுதியில் கிரெய்ஞ்சர் லிங்கன்ஷயர் நாட்டுப்புறத்தில் முதிய பாடகர்களைத் தேடிச் சென்று, மெழுகு உருளை ஒலிப்பதிவுக் கருவியில் அவர்களின் பாட்டைப் பதிந்தார். மெட்டோடு பாடியவரின் மூச்சு, இழுப்பு, தாளம் நெகிழும் இடம் ஆகியவற்றையும் காக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. ஆறு பகுதிகளில் ஒன்றில், சில இடங்களுக்கு நிலையான தாளக்கணக்கே இல்லை. பாடகன் இழுத்துப் பாடியதைப் போல, குழுவை நடத்துபவர் தம் விருப்பப்படி கையசைக்க எல்லோரும் சேர்ந்து நகரவேண்டும்.

அமெரிக்காவில் பாண்ட் இசை பள்ளிப் பிள்ளைகளின் சொத்தாயிற்று. 1923இல் சிக்காகோவில் தேசியப் பள்ளி பாண்ட் போட்டி நடந்தபின் குழுக்கள் பெருகின. இசைப் பதிப்பாளர்கள் புதிய ஆக்கங்களைக் கேட்டு வாங்கினர். 1944இல் தாரியுஸ் மியோ எழுதிய ‘பிரெஞ்சுத் தொகுப்பு’ அவ்வாறு வந்தது. பிரான்சில் போரிட்ட தந்தையரும் தமையன்மாரும் கால்பதித்த மாகாணங்களின் பாட்டை அமெரிக்கப் பிள்ளைகள் அறியட்டும் என்பது அவர் எண்ணம். கொரியாவில் இராணுவக் குழுவில் பணியாற்றிய ஜோன் பார்ன்ஸ் சான்ஸ், அங்கே கேட்ட ‘அரிராங்’ என்னும் ஐந்து சுர மெட்டை வைத்து 1965இல் எழுதியது ‘கொரிய நாட்டார் பாடல் மாறுபாடுகள்’. இன்றும் பள்ளி மேடைகளில் அது ஒலிக்கிறது. யப்பானோ வெளியாருக்காகக் காத்திருக்கவில்லை. 1939இல் அமைந்த அகில யப்பான் பாண்ட் சங்கத்தின் போட்டிகளில் கட்டாய உருப்படிகள் வழக்கமாகி, யப்பானிய இசையமைப்பாளர்களின் புதிய படைப்புகள் அவ்வழியே பள்ளிகளைச் சென்றடைந்தன.

நாட்டார் மெட்டுகளிலிருந்து இப்படிப் பாண்ட் இசை எழுதுவதற்குரிய மூலப்பொருளுக்கு மன்னாரில் குறைவில்லை. இங்கே கத்தோலிக்கக் கூத்து மரபு யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு என இரு வழிகளில் வளர்ந்தது. நாடகமும் அதன் சுருங்கிய வடிவமான வாசாப்பும் அண்ணாவிமாரின் பயிற்சியில் தலைமுறைகளைக் கடந்தன. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி முதலியவற்றைப் பதிப்பித்தார். மன்னார் நாட்டுப் பாடல்களும் நூலாயின. அப்பதிப்புகள் சொற்களைக் காத்தன. மெட்டு அண்ணாவிமாரின் குரலிலேயே தங்கிவிட்டது. பிறகு வந்த போரும் இடப்பெயர்வும் அக்குரல்களைச் சிதறடித்தன.

கடற்கரை மீனவரின் அம்பாப் பாட்டு அடிதவறாத் தாளமுடையது. தொடக்கநிலைக் குழுவுக்கு உகந்தது. தவக்காலத்தில் இராகமிழுத்து வாசிக்கப்படும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம் வேறு வகை. அதைச் சம அளவான அட்சரங்களுக்குள் அடைத்தால் உயிர் போய்விடும். அங்கேதான் கிரெய்ஞ்சரின் வழி நமக்குக் கைகொடுக்கும்: தனிக் கிளாரினெட் புலம்பலை எடுக்கட்டும், மற்றவர்கள் ஒரே சுருதியில் நிற்கட்டும், தாளத்தை நடத்துபவரின் கை முடிவு செய்யட்டும். கூத்து மெட்டுக்குப் பக்க மேளத்தை விட மத்தளமே பொருந்தும். குழு பழகத் தொடங்கும் நாளில் தீட்சிதரின் ‘சக்தி ஸஹித கணபதிம்’ என்னும் நோட்டுஸ்வரம் ஏற்றது. கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளைக்கு அதன் சுரம் முன்பே தெரியும். பாண்ட் வாத்தியத்துக்கும் அது அந்நியமன்று.

ஹோல்ஸ்டையும் கிரெய்ஞ்சரையும் நம் பிள்ளைகள் வாசிக்கவேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையை நாமும் செய்தாலன்றி அந்த வாசிப்பு பாதிப் பாடமே. பேசாலையிலும் வங்காலையிலும் நானாட்டானிலும் முருங்கனிலும் பாடத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே, சங்கீத ஆசிரியர்களும் மேல்வகுப்பு மாணவர்களும் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் செல்லவேண்டும். பாடியவர் பெயரோடு மெட்டைச் சுரப்படுத்துங்கள். ஆண்டுக்கு ஒன்றையாவது பாண்ட் குழுவுக்கு எழுதுங்கள். வலயக் கல்வி அலுவலகங்களும் மறைமாவட்டமும் இதற்கு ஆதரவு தரவேண்டும்.