பதினைந்து மினிபஸ்கள்: ஹெல்சின்கி பாதியில் நிறுத்திய பரிசோதனை

ஷேர் ஆட்டோல நெருக்கியடிச்சு உட்கார்ந்து போன அனுபவம் நம்மள்ல நிறைய பேருக்கு இருக்கும். ஒரே பக்கம் போறவங்களை ஒரே வண்டில ஏத்தணும், அவ்வளவுதான் அதோட கணக்கு. அந்தக் கணக்கை டிரைவர் மனசுல போடாம ஒரு மென்பொருள் போட்டா? இந்தக் கேள்விக்கு ஊபர்பூலுக்கு முன்னாடியே விடை தேடிப் பார்த்தது ஒரு அரசு அமைப்பு. இன்னைக்கு அந்தக் கதையைத்தான் பார்க்கப்போறோம்.

இடம், பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கி. அங்கே பஸ், டிராம், மெட்ரோ எல்லாத்தையும் ஒருங்கிணைக்கிற பொது அமைப்பின் பெயர் ஹெச்எஸ்எல். ஆல்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்விலிருந்து பிறந்த மென்பொருளை வைத்து, 2012இல் அது 'குட்ஸுபிளஸ்' என்ற சேவையைத் தொடங்கியது.

எப்படி வேலை செஞ்சது? எங்கிருந்து எங்கே போகணும்னு போன்ல சொல்லிடுவீங்க. பணத்தையும் முன்னாடியே கட்டிடுவீங்க. பக்கத்துல இருக்கிற பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வரச் சொல்லும். ஒன்பது பேர் உட்காரக்கூடிய மினிபஸ் ஒன்று வரும். அதுக்கு நிரந்தரமான ரூட்டும் கிடையாது, டைம்டேபிளும் கிடையாது. புதுசா ஒருத்தர் புக் பண்ணினா, அவரையும் ஏத்திக்கிற மாதிரி பாதையை மென்பொருள் மாத்தி அமைக்கும். கட்டணம் பஸ்ஸைவிடக் கூடுதல், டாக்ஸியைவிடக் குறைவு.

பயன்படுத்தினவங்களுக்குப் பிடிச்சிருந்தது. சிக்கல் வேற இடத்துல இருந்தது. மொத்தமே பதினைந்து வண்டிதான்! அவ்வளவு பெரிய நகரத்துக்கு அது எப்படிப் போதும்? இந்த மாதிரி சேவைல கூட்டம்தான் மூலதனம். வண்டியும் பயணிகளும் பெருகினாத்தான் ஒரே நேரத்துல ஒரே பக்கம் போறவங்க அமைவாங்க, சுத்துப்பாதை குறையும், ஒரு பயணத்துக்கான செலவும் இறங்கும். வண்டி குறைவா இருந்தா அதெல்லாம் நடக்காது. ஒன்றிரண்டு பேரை ஏத்திக்கிட்டு ஓடுற மினிபஸ், டாக்ஸிக்குச் சமம்தான்.

வண்டிகளைப் பல மடங்கு பெருக்கும் திட்டம் இருந்தது. ஆனால் அப்போது பின்லாந்தில் பொருளாதார மந்தம். மானியச் சுமையைத் தாங்க நகராட்சிகள் தயங்கின. 2015 டிசம்பர் இறுதியில் குட்ஸுபிளஸ் நின்றது.

இதே காலத்துல இன்னொரு பக்கம் என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 2014 ஆகஸ்டில் ஊபர்பூல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. அடிப்படை யோசனை அதேதான். ஆனா ஊபருக்கு முதலீட்டாளர் பணம் இருந்தது. 2019ஆம் ஆண்டில் மட்டும் அந்த நிறுவனத்தின் நஷ்டம் சுமார் 850 கோடி டாலர். தனியார் நிறுவனம் இழந்தா அதுக்குப் பேரு முதலீடு. நகரம் இழந்தா வீண்செலவு. இந்த இரட்டை அளவுகோல்தான் எனக்கு உறுத்துது.

சரி, தனியாருக்கு மட்டும் சுலபமா இருந்துச்சா? அதுவும் இல்ல. 2016இல் அதே ஹெல்சின்கியில் 'விம்' என்ற செயலி வந்தது. மாசத்துக்கு ஒரு சந்தா கட்டினா பஸ், டாக்ஸி, சைக்கிள் எல்லாம் ஒரே இடத்துல. உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. 2024இல் அதை நடத்திய மாஸ் குளோபல் நிறுவனம் திவாலானது. சொந்தமா ஒரு பஸ்கூட இல்லாம, அடுத்தவங்க டிக்கெட்டை வித்து லாபம் பார்க்கிறது அவ்வளவு லேசான காரியமில்ல.

அப்போ நமக்கு என்ன பாடம்? சென்னையில் 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்திருக்கு. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாத்துக்கும் ஒரே செயலில டிக்கெட் எடுக்கலாம். நல்ல தொடக்கம். ஆனா செயலி பஸ்ஸை உருவாக்காது. இருக்கிற பஸ்ஸை நமக்குக் காட்டும், அவ்வளவுதான்.

மூடினதுக்கு அப்புறம் ஹெச்எஸ்எல் தன் அனுபவத்தை அறிக்கையா எழுதி எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியிட்டது. ஒரு தனியார் நிறுவனம் அதைச் செய்யணும்னு கட்டாயம் இல்ல. அடுத்த தடவை உங்க ஊர்ல புதுசா ஒரு போக்குவரத்துச் செயலி வரும்போது, அது எவ்வளவு அழகா இருக்குன்னு மட்டும் பார்க்காதீங்க. வண்டி எத்தனை ஓடப்போகுது, நஷ்டம் வந்தா எத்தனை வருஷம் தாங்குவாங்க, அந்தத் தரவு யார் கைல இருக்கும்? இந்த மூணையும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.