கேத்திரகணிதமும் வர்க்கப் பார்வையும்
1928ஆம் ஆண்டின் சோவியத் புகைப்பட விவாதம் பற்றிய சில குறிப்புகள்

கட்டடமொன்றின் கோடுகளையும் கோணங்களையும் வளைவுகளையும் படம்பிடிப்பது சமூகப் பிரச்சினைகளோடு எவ்விதத் தொடர்புமற்ற தூய அழகியல் முயற்சி என்னும் கருத்துப் பரவலாக உண்டு. ஓய்வு வேளையில் கமராவுடன் புறப்படும் ஆர்வலரும், அவர்களது படங்களைப் பார்த்து அபிப்பிராயம் கூறும் நண்பர்களும் அவ்வாறே எண்ணுதல் இயல்பு. ஆயினும் ஒரு கட்டடத்தை எங்கு நின்று படம்பிடிப்பது என்ற வினா, 1920களின் பிற்பகுதியில் சோவியத் யூனியனிலே கடுமையான கருத்துப் போராட்டமொன்றுக்குக் காலாயிற்று. உருவம், உள்ளடக்கம் பற்றி இலக்கியத்துறையில் நாம் நடத்திவரும் விவாதங்களோடு நெருங்கிய உறவுடையது என்பதனால் அது நமது கவனத்துக்குரியதாகின்றது.

இவ்விவாதத்தின் மையத்தில் இருந்தவர் அலெக்சாந்தர் ரொட்சென்கோ (1891-1956). 1921இல் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று தனிநிறங்களை மட்டும் கொண்ட ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து, ஓவியம் தன் எல்லையை அடைந்துவிட்டதெனக் கருதிய அவர், பின்னர் அச்சுக்கலைக்கும் புகைப்படத்துக்கும் திரும்பினார். 1925இல் மொஸ்கோவின் மியஸ்னித்ஸ்காயா வீதியில், தாம் வசித்த கட்டடத்தை அதன் அடியில் நின்று மேல்நோக்கிப் படம்பிடித்தார். பல்கனிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு வானை நோக்கி விரையும் மூலைவிட்டமாக மாறின. வயிற்றின் மட்டத்தில் கமராவைப் பிடித்து நேர்முகமாகப் பார்க்கும் பழக்கம் பழைய ஓவிய மரபின் எச்சமே என்பதும், உயர்ந்தெழும் நகரத்தைக் காண மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமான பார்வைகளே பொருத்தமானவை என்பதும் அவரது வாதங்களாகும். 1922இல் நிறைவுற்ற ஷூகவின் வானொலிக் கோபுரத்தை 1929இல் அவர் எடுத்த படங்களிலும் இப்பார்வையே தொழிற்படுகின்றது. அக்கோபுரம் 350 மீற்றர் உயரத்துக்குத் திட்டமிடப்பட்டு, உருக்குத் தட்டுப்பாட்டினால் ஏறத்தாழ 150 மீற்றரில் நிறுத்தப்பட்டதாகும். வறுமைக்கும் எதிர்காலக் கனவுக்கும் இடையிலான முரண்பாட்டினை அதன் இரும்பு வலையே பேசுகின்றது.

ரொட்சென்கோவின் தனித்திறமையை மட்டும் கொண்டு இவ்வரலாற்றை விளக்குதல் போதாது. புகைப்படம் உழைப்பாளரின் கைக்கு வந்த காலம் அது. 1926இல் மிகயீல் கொல்த்சோவ் தொடக்கிவைத்த ‘சோவியத் புகைப்படம்’ என்னும் சஞ்சிகை, தொழில்முறையாளரோடு ஆர்வலரையும் தன் வாசகராகக் கொண்டிருந்தது. தொழிற்சாலைகளிலே புகைப்பட வட்டங்கள் தோன்றின. ஜேர்மனியிலும் அதே ஆண்டில் தொழிலாளர் சித்திரப் பத்திரிகையொன்று தன் வாசகரிடமிருந்து படங்களைக் கோரிப் போட்டி நடத்தியது. அதனையடுத்துத் தொழிலாளப் புகைப்படக்காரரின் சங்கமும் அதற்கெனத் தனிச் சஞ்சிகையும் உருவாகின. அச்சஞ்சிகை உறுப்பினரின் படங்களை வெளியிட்டு, அவற்றின் குறைநிறைகளையும் எடுத்துரைத்தது. ஒளியும் அச்சிடலும் எவ்வாறுள்ளன என்பதோடு, இப்படம் எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்ற வினாவும் அங்கு எழுந்தது. கலைவிமர்சனம் உழைப்பாளர் தமக்குள் நடத்தும் கூட்டுக்கல்வியாக மாறியமை இவ்வியக்கத்தின் பெரும்பேறு எனலாம்.

இச்சூழலிலேதான் 1928இல் ‘சோவியத் புகைப்படம்’ சஞ்சிகையில் எழுதியவர் பெயர் குறிப்பிடப்படாத கடிதமொன்று வெளிவந்தது. ரொட்சென்கோவின் படங்களை மொஹொலி-நாகி, ரெங்கர்-பாட்ஸ் முதலிய வெளிநாட்டவரின் படங்களோடு அருகருகே வைத்து, அவர் பிறரைப் படியெடுத்தவர் என அது குறிப்புணர்த்தியது. அவரது மறுமொழியை அச்சஞ்சிகை வெளியிடவில்லை. ‘நோவி லெவ்’ என்னும் ஏடே அதற்கு இடமளித்தது. ஆனால் அவ்வேட்டினுள்ளேயும் கருத்து வேறுபாடு தோன்றிற்று. ‘எதனை’ப் படம்பிடிக்கிறோம் என்பதே முதன்மையானதென பொரிஸ் குஷ்னர் வற்புறுத்தினார். ‘எவ்வாறு’ என்பதில் புரட்சி நிகழாவிடின் புதிய பொருளும் பழைய கண்ணாலேயே காணப்படும் என்றார் ரொட்சென்கோ. செர்கேய் திரெத்தியாக்கோவ் மூன்றாவது வினாவொன்றை எழுப்பினார்: எதற்காக, யாருக்காக?

இம்மூன்றாவது வினாவே விவாதத்தை உயர்ந்த தளத்துக்கு இட்டுச்சென்றது. ஒரே மூலைவிட்டம் மொஸ்கோவில் ஒன்றையும் முதலாளித்துவ ஜேர்மனியில் வேறொன்றையும் உணர்த்தக்கூடும். உலகம் அழகானது என்னும் பொருள்படும் பெயரில் ரெங்கர்-பாட்ஸ் 1928இல் வெளியிட்ட நூல், செடியையும் இயந்திரத்தையும் கட்டடத்தையும் ஒரே ஒழுங்கின் வடிவங்களாகக் காட்டியது. இத்தகைய போக்கு வறுமையைக்கூட நுகர்பொருளாக்கிவிடும் என்பதை வால்ற்றர் பெஞ்சமின் பின்னர் சுட்டிக்காட்டினார். தொழிற்சாலையொன்றின் புறத்தோற்றப் படம் அங்குள்ள மனித உறவுகளைப்பற்றி ஏறக்குறைய எதனையும் கூறுவதில்லை என்ற பிரெக்டின் கருத்தையும் 1931இல் அவர் எடுத்தாண்டார். சுவரின் கோணம் தெரியும். அச்சுவருக்குள் நிலவும் கூலி உறவு தெரியாது.

இதன் கசப்பான நிரூபணம் ரொட்சென்கோவின் வாழ்விலேயே கிடைத்தது என்பதை முற்போக்காளர் மறைத்தல் தகாது. உருவவாதி என்ற குற்றச்சாட்டுக்கு உள்ளான அவர் ‘ஒக்டோபர்’ குழுவிலிருந்து விலக்கப்பட்டார். 1932 ஏப்ரிலில் கட்சியின் தீர்மானமொன்று எழுத்தாளர், கலைஞர் குழுக்களைக் கலைத்தது. 1933இல் அவர் வெண்கடல் - பால்டிக் கால்வாயைப் படம்பிடித்தார். மதகுகளின் மரச்சுவர்களும் உழைப்போரின் வரிசைகளும் அங்கே கம்பீரமான கோடுகளாயின. ஆனால் அக்கால்வாயை வெட்டியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகள். அவர்களுட் பல்லாயிரவர் மாண்டனர். நேர்த்தியான வடிவங்கள் அந்தச் சாவுகளைச் சொல்லவில்லை. அவ்வேளை, எதற்காக, யாருக்காக என்று வெளிப்படையாகக் கேட்கும் களமும் எஞ்சியிருக்கவில்லை. அவ்வினாவை எழுப்பிய திரெத்தியாக்கோவ் 1937இலும், ஆர்வலரின் சஞ்சிகையைத் தொடக்கிய கொல்த்சோவ் 1940இலும் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஜேர்மனியத் தொழிலாளப் புகைப்பட இயக்கத்தை நாசிகள் 1933இல் ஒழித்தனர்.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? கேத்திரகணித வடிவம் தன்னளவிற் புரட்சிகரமானதுமன்று, பிற்போக்கானதுமன்று. பழகிப்போன பார்வையை உடைக்கும் ஆற்றல் அதற்குண்டு; உண்மையை மூடும் ஆற்றலும் உண்டு. இவ்விரண்டில் எது மேலோங்கும் என்பதைப் படத்தைச் சூழ்ந்து நிகழும் சுதந்திரமான உரையாடல் பெருமளவுக்கு நிர்ணயிக்கின்றது. 1928இன் அநாமதேயக் கடிதம் அவ்வுரையாடலைக் குற்றச்சாட்டாகச் சுருக்கிற்று. அதன்பின் வந்த நிர்வாகத் தீர்மானங்கள் அதனை மௌனமாக்கின. விமர்சனத்துக்கும் கண்டனத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உணராத முற்போக்கு இயக்கம் தன் கண்களையே கட்டிக்கொள்கின்றது.

இன்று கைத்தொலைபேசியிற்கூடக் கமரா உள்ளது. மாடிக் கட்டடங்களின் கோடுகளைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் காட்டிப் பாராட்டுவோர் எண்ணிறந்தோர். கோணம் நன்று, ஒளி நன்று என்பதோடு அவர்களது பேச்சு நின்றுவிட வேண்டியதில்லை. அக்கட்டடத்தை எழுப்பிய கைகள் யாருடையவை, அதில் வாழும் உரிமை யாருக்குண்டு என்ற வினாக்களையும் தோழமையுடன் கேட்கப் பழகுவோமாயின், அன்றைய தொழிற்சாலை வட்டங்கள் தொடங்கிவைத்த பணி தொடரும்.