பூநகரிக் காற்றும் அணு உலையும்

போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்வலையமைப்பு எட்டவில்லை. மண்ணெண்ணெய் விளக்கிலும் சைக்கிள் டைனமோவிலும் இரவுகளைக் கழித்த அதே மண்ணில்தான், நாட்டுக்கே மின்சாரம் தரக்கூடிய காற்றுவளம் கொண்ட பூநகரி இருக்கிறது. மன்னாரையும் பூநகரியையும் சேர்த்த 484 மெகாவோட் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது.

அதே மாதம் 9ஆம் திகதி நாடே இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்ததே காரணம் என்றார் அமைச்சர். பலரும் சிரித்தார்கள். ஆனால் குரங்கு மட்டும் காரணமல்ல. அன்று ஞாயிறு, மின்தேவை குறைவு, வெயில் மின்சாரம் அதிகம். கனத்த சுழலிகள் ஓடினால் திடீர் அதிர்ச்சியை அவற்றின் சுழற்சியே சில விநாடிகள் தாங்கிக்கொள்ளும். சூரியத் தகடுகளில் சுழல்வது எதுவுமில்லை.

2030இல் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி என்ற இலக்கோடு அணுசக்தியும் வேண்டும் என்போருக்கு இது வலுவான வாதம். அணு உலை இரவு பகலாகச் சீராக ஓடும். இடிப்பது அளவுதான். தனியொரு அலகு வலையமைப்பின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொறியியலாளர்களின் பொதுக்கணக்கு. இலங்கையின் உச்சத் தேவையோ ஏறத்தாழ 2,700 மெகாவோட். கூடங்குளத்தின் ஓர் அலகு 1,000. நுரைச்சோலையின் 300 மெகாவோட் அலகுகளே அந்த வரம்பைக் கடந்தவை. சிறு உலைகள் பற்றிப் பேச்சு அதிகம். ஓடுபவை உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இப்போதைக்குப் பூநகரிக் காற்றுக்குத் துணை மின்கலச் சேமிப்பும் மலைநாட்டு நீர்மின்சாரமும்தான். அதற்கும் முதலில் காணிக்காரரிடமும் மீனவரிடமும் பேசவேண்டும். பேசாமல் போனால் என்ன நடக்கும் என்பதை 2025 ஓகஸ்டில் மன்னாரில் தொடங்கிய காற்றாலை எதிர்ப்புப் போராட்டம் காட்டியது.