தூண்டிலும் இரையும்: தொண்டைமானாற்று மாரிகால மீன்பிடி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழிலக்கியத்தில் தூண்டில் பெரும்பாலும் உவமையாகவே நின்றுவந்துள்ளது. சூதாடுவோன் பெறும் வெற்றியைத் திருக்குறள் (931) தூண்டிலை விழுங்கிய மீனின் பேற்றோடு ஒப்பிடுகிறது. குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்து, அவர் கையாண்ட உவமையே மீனெறி தூண்டிலார் என்னும் பெயராக நிலைத்துவிட்டது. ஆனால் இவ்விரு இடங்களிலும் மீன் ஏற்கெனவே அகப்பட்டுவிட்டது. இரையை அணுகிப் பின் விலகிச் செல்லும் மீனைப் பற்றி இவ்வுவமைகள் பேசுவதில்லை. தூண்டிலை நம்பி வாழ்ந்தவனுக்கோ அதுவே முதன்மையான பிரச்சினையாகும். மீன் எப்பொழுது உண்ணும், எப்பொழுது உண்ணாது என்ற வினா இயற்கை விஞ்ஞானத்துக்கு மட்டும் உரியதன்று. அதற்கொரு சமூக வரலாறும் உண்டு. இதனைத் தொண்டைமானாற்றை ஆதாரமாகக் கொண்டு விளக்க முயல்வோம்.

வடமராட்சிப் பரவைக்கடலைப் பெருங்கடலோடு இணைக்கும் நீர்வழியே தொண்டைமானாறு. பெயரளவில் ஆறெனினும் அது மலையில் ஊற்றெடுத்து வரும் நதியன்று. உப்பு ஏற்றிச் செல்லும் பொருட்டுக் கருணாகரத் தொண்டைமான் இதனை வெட்டுவித்தான் என்பது யாழ்ப்பாணத்து வரலாற்று மரபு. அம்மரபு அரசின் தேவையை நினைவிற் கொண்டது. ஆற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலின் தோற்றக் கதையோ அவ்வாற்றில் மீன்பிடித்த மருதர் கதிர்காமரை நாயகராகக் கொள்கிறது. ஒரே நீர்வழி பற்றிய இவ்விரு நினைவுகளும் இருவேறு வர்க்கங்களின் நினைவுகள் என்பது அவதானிக்கத்தக்கது.

வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் குடாநாட்டுக்கு மழை வருகிறது. வாடைக்காற்றால் வடமராட்சியின் வெளிக்கடல் கொந்தளிக்கும். பெரிய வள்ளமும் வலையும் இல்லாதவர்கள் அக்காலத்தில் பரவைக்கடலையும் ஆற்றுவாயையுமே நாடுவர். எனவே மீன்பிடியின் அழுத்தம் அங்கு குவிகின்றது. அதே வேளையில் நீரின் தன்மையும் மாறுகின்றது. வெள்ளம் இறங்க உவர்ப்புக் குறையும், நீர் கலங்கும். கண்ணால் இரைதேடும் மீனுக்குக் கலங்கல் தடையாகின்றது. உணர்மீசைகளாலும் மோப்பத்தாலும் அடித்தளத்தில் இரைதேடும் கெளிற்றுக்கு அது தடையன்று. சேற்றிலும் பாசியிலும் உள்ள நுண்பொருளை உண்ணும் திரளியும், பாசி மேயும் ஓராவும் இறால் குத்திய கொக்கியை இலகுவில் நாடமாட்டா. ஆகவே எந்த நீருக்கு எந்த இரை என்பதைத் தெரிந்துகொள்வது, தலைமுறைகளின் உழைப்பினூடாகத் திரண்ட அறிவாகும். அதனை ஏட்டறிவுக்குக் கீழானதாகக் கருதும் மனோபாவம், உடலுழைப்பை இழிவெனக் கொண்ட சாதியமைப்பின் விளைவே.

இவ்விடத்து ஐரோப்பியக் கால்வாய்களை ஒப்புநோக்குதல் பயனுடையது. மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பத்தோடு மாறுவதாதலால், கடுங்குளிரில் அதன் செரிமானம் மந்தமாகி உணவுத்தேவையும் குறைகின்றது. எனவே அங்குள்ள தூண்டிற்காரர் மாரியில் இரையைச் சிறுகச் சிறுகவே நீரில் இடுவர்; மிகுதியாக இட்டால் பசியாறிய மீன் கொக்கியை நாடாது. இங்கிலாந்தில் 1761இல் வேர்ஸ்லிச் சுரங்கங்களின் நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுசெல்லத் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாயைத் தொடர்ந்து கால்வாய்கள் பெருகின. முதலாளித்துவத்தின் போக்குவரத்துக்கென வெட்டப்பட்ட அந்நீர்வழிகளின் கரைகளிலேயே ஆலைத் தொழிலாளர் தம் ஓய்வுநாளைத் தூண்டிலோடு கழித்தனர். அங்கு தூண்டில் ஓய்வின் கருவி. இங்கு அது வயிற்றின் கருவி.

தூண்டிலின் அழுத்தம் மீனின் நடத்தையை மாற்றும் என்பதும் ஐரோப்பாவில் ஆராயப்பட்டுள்ளது. நெதர்லாந்தைச் சேர்ந்த பியூகெமா 1970இல் வெளியிட்ட ஆய்வுகள், ஒருமுறை கொக்கியில் அகப்பட்டு விடுவிக்கப்பட்ட கெண்டை பின்னர் எளிதில் அகப்படுவதில்லை எனக் காட்டின. பைக் என்னும் ஊனுண்ணி மீன் சுழலும் போலி இரையைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டது. உயிருள்ள இரையை அவ்வாறு தவிர்க்கவில்லை. ஆயின் இக்கற்றலுக்கு ஒரு நிபந்தனையுண்டு: பிடிபட்ட மீன் மீண்டும் நீருக்குத் திரும்பவேண்டும். தொண்டைமானாற்றில் பிடிபட்ட மீன் கறிச்சட்டிக்கோ சந்தைக்கோ செல்கின்றது. தப்பிய சில மீன்களே இங்கு பாடம் கற்க இயலும். எனவே இங்கு தூண்டில் வெறுமையாகத் திரும்புவதை மீனின் தந்திரத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. பிற காரணங்களை நாம் உற்பத்தி உறவுகளிலும் உற்பத்திக் கருவிகளிலும் தேடவேண்டும்.

முதலாவது, இரையே பண்டமாகியமை. தூண்டிற்காரனுக்கு இறால் இரை. 1960களிலும் 1970களிலும் பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் இறால் ஏற்றுமதிப் பண்டமாகியது. கொக்கியிற் குத்தப்பட்ட பொருள் சம்மாட்டியினதும் வியாபாரியினதும் கணக்கேட்டில் ஏறியது. மீனுக்கும் அது உணவாதலால், இறாலை அள்ளுவது மீனின் உணவையும் அள்ளுவதாகும். மீன் உண்ணவில்லை என்ற வினாவின் பின்னே மீனுக்கு உணவு எஞ்சியதா என்ற வினாவும் நிற்கின்றது.

இரண்டாவது, தடுப்பணை. பரவைக்கடலை நன்னீராக்கி உழவுக்கும் கிணறுகளுக்கும் உதவும் நோக்குடன் 1950களில் தொண்டைமானாற்றின் வாயிலில் கதவுகளுடன் கூடிய அணை அமைக்கப்பட்டது. நிலத்தடிநீர் உவராகும் குடாநாட்டில் அந்நோக்கம் நியாயமானதே. ஆயினும் கடலிற் பிறந்து பரவைக்கடலில் வளரும் இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் அவ்வாயிலினூடாகவே வரவேண்டும். கதவுகளை எப்பொழுது திறப்பது என்பது நிலமுடையோனுக்கும் வலையுடையோனுக்கும் இடையிலான முரண்பாடாகும்.

மூன்றாவது, போரும் இழுவைமடியும். 1980களிலிருந்து 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் கடற்றொழில் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 1990 முதல் 2017 வரை மக்களுக்கு மூடப்பட்டிருந்தது. வெளிக்கடல் மறுக்கப்பட்டவனுக்குக் கரையோர ஆழமற்ற நீரே எஞ்சியது. அக்காலத்திலேயே தமிழகத்து இழுவைப்படகுகள் வடகடலில் பெருகின. இழுவைமடி கடலடியைச் சுரண்டி, குஞ்சையும் இரையையும் வேறுபாடின்றி வாரிச் செல்வது. இலங்கை 2017இல் அடித்தள இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. சட்டத்தோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. இதனை இரு கரைத் தமிழரின் பகையாகக் காண்பது மேலோட்டமானது. இழுவைப்படகில் செல்பவருட் பெரும்பாலோர் கூலியாட்களே. இலாபம் படகுடைமையாளனிடமும் ஏற்றுமதியாளனிடமும் சேர்கின்றது. கைதாகிச் சிறைசெல்பவன் தொழிலாளி.

தொகுத்து நோக்குமிடத்து, தூண்டிலுக்கும் இழுவைமடிக்கும் இடையிலான வேறுபாடு அளவின் வேறுபாடு மட்டுமன்று. தூண்டில் மீனின் விருப்பத்தை எதிர்பார்த்து நிற்பது. மீன் மறுக்கலாம், தப்பலாம், தப்பியது கற்கலாம். மடியின் முன் மீனுக்கு மறுப்பில்லை. தப்பி வந்து கற்றுக்கொள்ளவும் வழியில்லை. மாரிகாலத்தில் ஆற்றங்கரையில் வெறுந்தூண்டிலோடு நிற்பவனை நோக்கி விதியென்றும் சோம்பலென்றும் கூறுதல் எளிது. அவனுடைய கொக்கியை வெறுமையாக்கிய கைகள் கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ளன. பரவைக்கடலின் கதவுகளைத் திறப்பதிலும் மூடுவதிலும், எவ்வலை எப்பருவத்தில் இறங்கலாம் என்பதிலும் அவனுக்கும் தீர்மானிக்கும் உரிமை கிட்டும்பொழுதே, இரை பற்றிய அவனது அறிவு மீண்டும் பயன்தரும்.